திருப்புல்லாணியில் பஞ்சர், ராமநாதபுரத்தில் டாக்டர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கீழக்கரை ஜெட்டியிலிருந்து பேசுகிறேன். காற்று கொஞ்சம் அதிகம், மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இங்கே நின்று மீன் விலை சொல்வேன். இன்று மீன் இல்லை, என் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் அந்த பஞ்சரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

போன வியாழன் காலை ராமநாதபுரத்துக்குக் கிளம்பினேன். திருப்புல்லாணி வருவதற்குள் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. வெயிலில் முக்கால் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு ஆணி. 200 ரூபாய் கேட்டார். இங்கே ஊரில் 80 ரூபாயில் முடிகிற வேலை. கேட்டால், டியூபில் பழைய ஒட்டு ஒன்று விட்டுப்போயிருந்தது, அதையும் சேர்த்து ஒட்டிவிட்டேன் என்கிறார். நான் ஒட்டச் சொல்லவே இல்லை. சொல்லாத வேலையைச் செய்துவிட்டுக் காசு கேட்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கால் மணி நேரம் பேசி 180 கொடுத்தேன். இன்னும் ஆறவில்லை.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது மணி பத்தேகால். ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. ‘இன்றைக்கு விட்டுவிடு, அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று மனம் சொன்னது. அந்த அடுத்த வாரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி தயாரானதும் நேராக ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டேன். மனநலப் பிரிவுக்கு இது நான்காவது தடவை.

ஆமாம், மனநலப் பிரிவுதான்.

போன வருடம் ஒரு பரோட்டா வீடியோ போட்டேன், நினைவிருக்கும். பார்சல் எல்லாம் வீடியோவுக்காக வாங்கினேன் என்று அதில் சொன்னேன். அது பொய். கேமராவை அணைத்துவிட்டு, ஏர்வாடி போகிற ரோட்டில் இருட்டான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி மிச்சத்தையும் பிரித்தேன். பசி இல்லை. ருசிகூடத் தெரியவில்லை. வயிறு வலித்த பிறகும் கை நிற்கவில்லை. எத்தனை என்று எண்ணிக்கை சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது ‘நான் அந்த அளவுக்கு இல்லையே’ என்று நினைத்துக்கொள்வீர்கள். நானும் அப்படி அடுத்தவரோடு அளந்து பார்த்துத்தான் நாளைக் கடத்தினேன்.

நானே சரிசெய்து காட்டுகிறேன் என்று ஆன்லைனில் 3,999 ரூபாய் கட்டி ஒரு டயட் பிளான் வாங்கினேன். மதியம் இரண்டு மணி வரை கட்டன் சாயா மட்டும். பகலெல்லாம் வாயைக் கட்டியவன் இரவு பத்து மணிக்கு இரண்டு மடங்கு தின்றேன். அந்தக் குற்ற உணர்ச்சியில் மறுநாள் இன்னும் கடுமையாகப் பட்டினி. அன்று இரவு மறுபடியும். பட்டினியே அடுத்த பாய்ச்சலுக்கு வழி செய்து கொடுக்கிறது என்பதை அந்த பிளான் கொடுத்தவர் ஒரு வரி சொல்லவில்லை. ‘மன உறுதி போதாது தம்பி’ என்றார். அந்த வார்த்தையை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்தது என் கதைதான். ராத்தா, அதாவது அக்கா, மகளின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், நாலு பேரோடு சாப்பிட உட்கார்ந்தால் என் கையை எல்லோரும் பார்ப்பார்கள் என்ற பயம். காய்ச்சல் என்று உம்மாவிடம் பொய் சொன்னேன். வீடு காலியானதும் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. சாப்பிட்ட அளவு அல்ல, உடம்பின் எடையும் அல்ல. நிறுத்த நினைத்தும் முடியவில்லை, ஒளிக்கிறேன், அதற்காகச் சொந்தக்காரர்களை விட்டு விலகுகிறேன், தனியாக முயற்சி செய்தால் ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை. இதற்கு மேல் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

உம்மாவிடம் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, ‘ஏர்வாடிக்கா வாப்பா?’ நம் பக்கத்தில் மனநலம் என்றாலே அந்தப் பயம்தான். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் நடந்த தீ விபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் போனார்கள். அந்தத் தலைமுறைக்கு அது இன்னும் ஆறாத புண். நான் போனது ஒரு சாதாரண அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம்.

டாக்டர் அம்மா கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்குப் புதிது. மூன்று மாதமாக, சராசரியாக வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி நடக்கிறதா என்றார். வேகமாக, பசியில்லாமல், தனியாக, வயிறு வலிக்கும் வரை சாப்பிடுகிறீர்களா, பிறகு உங்கள் மேலேயே வெறுப்பு வருகிறதா என்றார். எனக்கு வாரத்துக்கு நான்கு தடவை. இதற்குப் பெயர் பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர், அதாவது கட்டுப்பாடு இல்லாமல் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிற நோய். 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மருத்துவக் கையேடு இதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. ஒல்லியானவருக்கும் வரும், ஆணுக்கும் வரும். அந்தக் கணக்குக்குக் குறைவாக இருந்தாலும், மனசு தவிக்கிறது என்றால் வந்து பேசலாம் என்றார்.

ஒன்று விட்டுவிட்டேன். சாப்பிட்டதை வாந்தியெடுப்பீர்களா, பேதி மாத்திரை போடுவீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அதைச் செய்கிறவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் எடை ஏறாமல் இருக்க ஊசியைத் தவிர்த்தாலும் ஆபத்து. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலும் சரி, இந்த மூன்றுக்கும் அடுத்த வியாழன் வரை பொறுக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். நேரில் போக முடியாத நேரத்தில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். கவுன்சிலரோடு உட்கார்ந்து பேசுவதுதான் முக்கியமான வேலை. என்ன சாப்பிட்டேன், அதற்கு முன் மனநிலை எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுகிறேன். மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடக் கூடாது. எடை மெஷின் வாரத்துக்கு ஒரு தடவைதான். நோன்பு மாதத்தை என்ன செய்வது என்றும் டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். உடம்புக்கு முடியாதவருக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு, அதற்கு முன்பே வாருங்கள், பேசி முடிவெடுப்போம் என்றார். மனசு லேசாகிவிட்டது.

இப்போது இந்த டப்பாவைப் பாருங்கள். தொதல், அரைக் கிலோ. முன்பெல்லாம் இது வீட்டுக்கு வந்தால் விடிவதற்குள் காலியாகிவிடும். தொதல் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் போட்டுக் கிண்டியது, அல்வாவெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. கவுன்சிலர் சொன்னபடி மாலை ஐந்து மணிக்கு, உம்மாவோடு உட்கார்ந்து, இரண்டு துண்டு. வாங்கி பதினோரு நாள் ஆகிறது. இன்னும் நான்கு துண்டு இருக்கிறது. நான்கு! கேமராவை இன்னும் கிட்டே கொண்டுவருகிறேன், நன்றாகப் பாருங்கள்.

நடுவில் ஒரு இரவு தவறியது, போன ஞாயிற்றுக்கிழமை. நோட்டில் எழுதினேன், வியாழக்கிழமை போய்ச் சொன்னேன். கவுன்சிலர் திட்டவில்லை. அன்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். சாப்பிடவில்லை. எடிட்டிங் வேலையில் விட்டுவிட்டேன்.

அடுத்த வியாழன் ஏழரைக்கே கிளம்புகிறேன். டியூபை மாற்றியாகிவிட்டது.