கட்டை உருள முன் சொன்னால் அது விதி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலை மக்களே, வணக்கம்.

'பலகை விளையாட்டின் சுவை விதிப்புத்தகத்திலா, வீட்டு வழக்கத்திலா' என்பது தலைப்பு. நான் வீட்டு வழக்கத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி சதுரங்கம் சொல்லிக்கொடுப்பவர். நன்றாகப் பேசினார். கரம் பலகையில் கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1, எந்த நாட்டில் ஆடினாலும் 19 காய்தான் என்றார். 2024 இல் சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, அமெரிக்காவில் நடந்த கரம் உலகக் கிண்ணப் போட்டியில் 3 தங்கம் வென்றதைச் சொன்னார். நானும் கைதட்டினேன். போட்டி மேடைக்கு ஒரே விதி வேண்டும், அதில் எனக்கு அவரோடு சண்டை இல்லை. ஆனால் இறங்கும்போது ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார்: "வீட்டு விதி என்பது அளாப்பலுக்கு வைத்த செல்லப்பெயர்." அதாவது, ஆட்டத்தில் நாங்கள் கள்ளம் செய்கிறோமாம்! நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

தம்பி, பதில் என்னிடம் இல்லை. எங்கள் அம்மம்மாவிடம் இருக்கிறது.

அம்மம்மா வீடு பாலையூற்றில். சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தபின் விடியும் வரை கண் விழிக்க வேண்டும் அல்லவா? அதற்கு அந்த வீட்டில் தாயம்தான். விறாந்தைச் சீமெந்துத் தரையில் கரித்துண்டால் கட்டம் கீறுவார்கள். பித்தளைக் கட்டை இரண்டு. உருட்டி உருட்டி மூலையெல்லாம் மழுங்கிப்போனவை. அம்மம்மாவின் காய்கள் பாக்குத் துண்டுகள். 12 வயதுச் சின்ன மாமாவுக்கு உடைந்த பச்சை வளையல் துண்டுகள். அந்த வருடம்தான் எங்கள் அப்பா அந்த வீட்டுக்கு மருமகனாக வந்தார். அவருக்கு நான்கு சோழி கொடுத்தார்கள், புது மாப்பிள்ளை மரியாதை!

அப்பா தம்பலகாமத்து ஆள். அவர்கள் பக்கத்தில் எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் உள்ளே போய்ப் பழம் எடுக்கலாம். அம்மம்மா வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. அப்பாவோ உட்கார்ந்த உடனே, "எங்கட ஊர் வழக்கப்படியே ஆடுவம்" என்று சொல்லிவிட்டார். புது மருமகன் கேட்டால் யார் மறுப்பார்கள்?

ஆட்டம் சூடு பிடித்தது. எல்லாரும் எல்லாரையும் வெட்டுகிறார்கள். அப்பா மட்டும் வெட்டவில்லை. கட்டை சரியாகத்தான் விழுகிறது. ஆனால் மாமனாரை எப்படி வெட்டுவது? மாமியாரை எப்படி வெட்டுவது? கூச்சம். வெட்டு விழுகிற நேரம் பார்த்து வேறு சோழியை நகர்த்திவிடுவார். வெட்டாமல் உள்ளே போக முடியாது. அவர் கேட்டு வாங்கிய விதி! சோழிகள் வெளியே சுற்றுகின்றன, சுற்றுகின்றன. சின்ன மாமா சத்தம் போட்டுச் சிரிக்கிறார்: "அத்தான், பிரதட்சணம் காணும், உள்ளுக்குப் போய்ச் சாமியைக் கும்பிடுங்கோ!"

எத்தனை சுற்று என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை வழக்குத் தீரவில்லை. அப்பாவைக் கேட்டால் இரண்டு. அம்மாவைக் கேட்டால் ஐந்து, அதோடு சட்டை முதுகில் ஒட்டுகிற அளவுக்கு வியர்வை. சித்தி சொல்வதைக் கேட்டால் அப்பா இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

மூன்றாம் சாமம். அம்மம்மா கட்டையை உருட்டினார். மூன்று விழுந்தது. அவருடைய பாக்கு ஒன்று மலையில் இருந்தது. மலையில் இருக்கும் காயை யாரும் வெட்ட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். நகர்த்த வேறு காய்களும் இருந்தன. அம்மம்மா மலையில் இருந்த பாக்கைத்தான் எடுத்தார். மூன்று கட்டம் நகர்த்தினார். அப்பாவின் சோழிக்குச் சரியாக ஐந்து கட்டம் முன்னால் வெறுங் கட்டத்தில் வைத்தார். வைத்துவிட்டு வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

அப்பா உருட்டுகிறார். அஞ்சு!

சோழியைத் தூக்கிய கை அந்தரத்தில் நிற்கிறது. யாரும் மூச்சு விடவில்லை. அம்மம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வெட்டுங்கோ மருமகன். வெட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ."

உள்ளுக்கு வாங்கோ. தாயக் கட்டத்துக்குள்ளா கூப்பிட்டார்? அன்றைக்குத்தான் அந்த வீடு தன் வீடானது என்று அப்பா சொல்வார். அன்று விடியவே அம்மம்மா ஒரு விதி போட்டார்: இந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர் முதல் ஆட்டத்தில் வெட்டாமலே உள்ளே போகலாம். அதற்கு எங்கள் வீட்டில் 'மருமகன் விதி' என்று பெயர். என் கணவர் அந்த விதியில் உள்ளே வந்தவர். என் தம்பியின் மனைவியும் அப்படித்தான்.

இப்போது சொல்லுங்கள் தம்பி, எது அளாப்பல்? அளாப்புகிறவர் தனக்காக அளாப்புவார். அம்மம்மா தானாக வெட்டுப்படப் போனார். அளாப்பலைக் காதும் காதும் வைத்த மாதிரிச் செய்வார்கள். மருமகன் விதி கட்டை உருள முன்பே எல்லார் காதிலும் விழச் சொல்லப்படுகிறது. கட்டை உருள முன் சொன்னால் விதி, உருண்டபின் சொன்னால் அளாப்பல். இந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

சதுரங்கத்துக்கே வருவோம். இன்று பலகையையே ஆள்கிற ராணி, 15 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை மூலைவாக்கில் ஒரே ஒரு கட்டம்தான் போனாள். அதை மாற்றியவர்கள் அளாப்பிகளா? பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான் சிறுவயதில் கற்றது இந்திய முறைச் சதுரங்கம். அதில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஒரு தடவை குதிரைபோலப் பாயலாம். அந்த ஆட்டத்தில் வளர்ந்தவர்தான் பிறகு ஐரோப்பிய விதியைக் கற்று, 1929, 1932, 1933 என மூன்று முறை பிரித்தானியச் சம்பியன் ஆனார். கரம் ஆட்டத்துக்கான சர்வதேசச் சம்மேளனம் சென்னையில் உருவானது 1988 இல். அதற்கு முன்னால் நம் விறாந்தைகளில் ஆடியவர்களின் ஆட்டமெல்லாம் ஆட்டமில்லையா?

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஐயா, இன்னும் ஒரே ஒரு விதி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1990 இல் போர் மூண்டபோது நம் ஊரில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்களும் வீட்டை விட்டுப் போனோம். திரும்பி வந்தோம். சின்ன மாமா வரவில்லை.

அடுத்து வந்த சிவராத்திரியில் தாயம் வேண்டாம் என்று அம்மா சொன்னார். அம்மம்மா கேட்கவில்லை. தானே கரித்துண்டை எடுத்துக் கட்டம் கீறினார். பாக்கு, சோழி எல்லாம் வைத்தார். பிறகு சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். பச்சை வளையல் துண்டு நான்கு. சின்ன மாமா உட்காருகிற பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தார். என்னைப் பார்த்து, "அவன்ட கட்டையை நீ போடு பிள்ளை" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வராதவருக்கும் ஒரு முறை உண்டு. அந்த வீட்டில் இருக்கிறவர்களில் ஆகச் சின்னவர்தான் அவருக்காகக் கட்டை போட வேண்டும். பச்சைத் துண்டை யாரும் வெட்டுவதில்லை. அப்படி ஒரு விதியை அம்மம்மா போடவும் இல்லை, யாருக்கும் கை வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மம்மாவும் போய்விட்டார். போன சிவராத்திரியில் கட்டை என் மகளின் கைக்குப் போனது. சின்ன மாமாவை அவள் படத்தில்தான் கண்டிருக்கிறாள். இரண்டு கட்டையையும் உள்ளங்கையில் வைத்து ஊதினாள். உருட்டினாள். பன்னிரண்டு விழுந்தது. பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம்.

"அவருக்கு இன்னொருக்கா இருக்குதம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கட்டையைக் கையில் எடுத்தாள்.

நன்றி, வணக்கம்.