பயத்துக்கு ஓர் எண்

நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியில் என் வீட்டுக் கூடத்தில், ஞாயிறு மாலைகளில், நாங்கள் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து கதை ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அது என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற ஐயம் எழும் இடத்தில் பகடை உருளும். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தொடங்கிவைத்த இந்த ஆட்ட மரபில், அச்சத்தையே பொருளாகக் கொண்டவை ஒரு தனிக் கிளை. அக்கிளையைச் சேர்ந்த ‘மதர்ஷிப்’ என்னும் விதிநூல் எங்களுக்குப் புதிது. 2018-இல் முன்னோடி வடிவமாக வந்து பின்னர் திருத்தப்பெற்ற அந்நூலைப் படித்து, இரண்டு மாலைகள் ஆடியும் பார்த்ததில் என் மனத்தில் பட்டதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

கதை நடப்பது விண்வெளியில். ஆனால், நூலைத் திறந்ததும் என்னை நிறுத்தியது விண்கலமோ விலங்கோ அன்று. ஓர் எளிய கணக்கு. அச்சத்தைத் தாங்கும் திறனுக்கு ஓர் எண் உண்டு. பத்து முகப் பகடைகள் இரண்டை உருட்டி, வந்த தொகையோடு பத்தைக் கூட்டினால் அந்த எண் கிடைக்கும். சராசரியாக அது 21. அச்சம் வரும் வேளையில், நூறு வரையிலான உருட்டலில் அந்த எண்ணுக்குக் கீழே விழுந்தால்தான் பிழைப்பு. பாத்திரத்தின் தொழிலைப் பொறுத்து அந்த எண் உயரலாம் என்றாலும், அந்தக் கூட்டல் இல்லாதபோது ஐந்து முறைக்கு நான்கு முறை தோற்பதுதான் இயல்பு என்ற நிலையிலிருந்தே நூல் தொடங்குகிறது.

தோற்கும் ஒவ்வொரு முறையும் மன அழுத்தம் ஒன்று கூடும். எல்லாரும் இரண்டில் தொடங்குகிறார்கள். பீதிக்கு ஆளாகும் கட்டம் வந்தால், இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண் அழுத்தத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் பீதி பற்றிக்கொள்ளும். எங்களிடம் அப்பகடை இல்லாததால், ஒன்று முதல் இருபது வரை சீட்டெழுதி, பழைய தேயிலை டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். விழுந்த எண்ணே பீதியின் தன்மையையும் சொல்லிவிடுகிறது என்பதில்தான் இந்நூலின் நுட்பத்தை நான் காண்கிறேன். பட்டியலின் தொடக்கத்தில் இருப்பவை உடல் பரபரப்பது, நடுக்கம் போன்ற சிறிய விளைவுகள். இறுதியில் இருப்பது பாத்திரத்தையே கைவிட வேண்டிய நிலை. அழுத்தம் குறைவாக இருக்கும்வரை பட்டியலின் கொடிய பகுதி நமக்கு எட்டாது. அழுத்தம் ஏற ஏற அக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நம் முன்னோர் சொன்னதைக் கணக்காக எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. 1981-இல் வந்த ‘கால் ஆஃப் கதுலு’ ஆட்டத்தில் மனத்தெளிவின் எண் குறைந்துகொண்டே போகும். அது ஒழுகும் குடம் என்றால், இது நிரம்பும் குடம்.

பாத்திர வகைகளில் ஒன்றான படைவீரர் பீதியடைந்தால் அருகிலிருக்கும் தோழர்கள் அனைவரும் தத்தம் அச்சத்தைச் சோதித்தாக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. துணிந்தவர் கலங்கினால் கூட்டமே கலங்கும் என்பதை ஒரே வரியில் அடக்கிய இவ்விதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆள்பவர்) ஆகிய நான்கினாலும் அச்சம் பிறக்கும் என்பது தொல்காப்பியம். அச்ச ஆட்டங்கள் பலவும் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. இந்நூலிலோ, கூலிக்குச் சரக்கேற்றிச் செல்லும் தொழிலாளரும் ஒரு பாத்திர வகை. அவரை ஆபத்துக்குள் அனுப்பும் முதலாளியிடம் அவர் கொள்ளும் அச்சத்துக்கும் கதையில் இடமிருக்கிறது. தோட்ட வேலையை அறிந்த மலைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குறையும் உண்டு. எழுத்து மிகச் சிறியது, பட்டியல்கள் நெருக்கமானவை. மின்சாரம் போன மாலையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு விதியைத் தேடி நான் பட்ட பாடு கொஞ்சமன்று.

திறன்களின் பட்டியலில் ஒளிந்துகொள்ளுதல் என்ற ஒன்று இல்லவே இல்லை. இதை முதலில் விடுபட்டதாகவே எண்ணினேன். முதல் மாலையில், படைவீரராக ஆடிய என் அண்ணன் மகள், “சித்தப்பா, நான் ஒளிஞ்சுக்கிறேன், பகடை போடட்டுமா?” என்றாள். பகடை இல்லை, எங்கே ஒளிகிறாய் என்று சொல் என்றேன். எங்கள் ஊரில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே கரடி நிற்பதைக் கண்டவர், எந்தப் பக்கம் காற்று, எந்தப் பாறை, எவ்வளவு தூரம் என்றுதான் யோசிப்பார்; அவளும் அப்படியே யோசித்தாள்.

“ஏணிக்குக் கீழே. டார்ச்சை அணைச்சுட்டேன்.”

“அணைச்சா அதுக்கு நம்மளத் தெரியாது, சரி. அது எங்க இருக்குன்னு நமக்கும் தெரியாதே?” என்றார் பக்கத்தில் இருந்த நண்பர்.

டப்பாவை யாரும் தொடவில்லை. வெளியே மூடுபனி சன்னல்வரை வந்திருந்தது. அன்று அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அடுத்த ஞாயிறு அதே ஏணியின் கீழிருந்துதான் தொடங்கினோம்.

வணக்கம்.