சேர்ந்து வாங்கிய மின்சாரம்

வணக்கம் நேயர்களே. நம்மூரில் மின்சாரத்துக்கு மின்வாரியம் ஒன்றுதான் கடை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1999-இல் வந்த சட்டம் அதை மாற்றியது. கம்பமும் கம்பியும் பழைய நிறுவனத்திடமே இருக்கும். புயலில் கம்பி அறுந்தால் வருவது அவர்கள்தான். அதில் ஓடிவரும் யூனிட்டை மட்டும் வேறொருவரிடம் வாங்கலாம்.

ஒற்றை வீட்டின் பேரத்தை யார் மதிப்பார்கள்? அதனால் ஊர்கள் சேர்ந்தன. வடகிழக்கு ஒஹாயோவில் 2000-இல் உருவான நோபெக் அமைப்பில் இருநூறுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இருக்கின்றன. முதலில், சேரலாமா என்று ஊரில் வாக்கெடுப்பு. தேறினால் வீட்டுக்கு வீடு கடிதம்: வேண்டாதவர் 21 நாளுக்குள் விலகலாம், பதில் போடாதவர் சேர்ந்ததாகக் கணக்கு. சேர விரும்புவோர் எழுதுங்கள் என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் மெனக்கெட்டிருப்பார்கள்?

ஆள் கூடினால் மட்டும் விலை இறங்காது. விற்பவர் பார்ப்பது, எந்த நேரத்தில் எவ்வளவு என்பதை. இரவெல்லாம் சீராக எரியும் தெருவிளக்கு மலிவு. கோடை மாலையில் எல்லா வீட்டிலும் ஒன்றாக ஓடும் ஏசி விலை கூடியது. ஆகவே டெண்டருக்கு முன்பே, இணைப்பு வாரியாக 12 மாத பில் கையில் வேண்டும். இன்னொன்று: விற்பவர் சொல்லும் விலை பெரும்பாலும் அன்று சாயங்காலம் வரைதான் செல்லும். ஊர் மன்றம் கூடித் தீர்மானம் போடும்வரை அது காத்திருக்காது. எனவே உச்ச விலையைத் தீர்மானித்து, கையெழுத்திடும் அதிகாரத்தை ஓர் அதிகாரிக்கு முன்கூட்டியே தந்துவிட வேண்டும். இதைத் திரும்பவும் சொல்கிறேன்: முன்கூட்டியே.

இனி 2022-இல் நடந்தது. உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிற, மின்சாரமும் ஏறியது. நோபெக்கின் விலை சந்தையோடு சேர்ந்து உயர்ந்தது. வேறெங்கும் வாங்காதவர்களுக்கு, கம்பி வைத்திருக்கும் பழைய நிறுவனமே மின்சாரம் தரும். அதன் வழக்கமான விலையோ முந்தைய ஏலங்களில் முடிவானது, அதனால் தாழ்ந்தே நின்றது. நோபெக் சுமார் 5.5 லட்சம் வாடிக்கையாளர்களை அந்த விலைக்கே திருப்பி அனுப்பியது. அவர்களுக்கு லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஏலத்தில் குறைந்த விலைக்கு விற்க ஒப்புக்கொண்டவர்கள், எதிர்பாராமல் வந்த அத்தனை தேவைக்கும் சந்தையில் அதிக விலைக்கு வாங்கி ஊற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஏலத்தில் அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தானே விலை சொல்வார்கள்? வெளியேறும் வழியை ஒப்பந்தத்தில் எழுதும்போது இதைத்தான் யோசிக்க வேண்டும்.

நம் நாட்டுத் தெருவிளக்குகளை நிதானமாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. 2015-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் எல்.இ.டி. விளக்குக்கு முதலீடு போடுவது மத்திய அரசு சார்ந்த ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம், மிச்சமாகும் பில் பணத்திலிருந்து நகராட்சி தவணை கட்ட வேண்டும். பல இடங்களில் தவணை பாக்கி விழுந்தது. மிச்சமான தொகையைப் பொதுக்கணக்கில் கலக்காமல், தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். வணக்கம்.