கையெழுத்துப் போடத் தெரியாத மணமகள்

நேயர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு வரலாறு என்றதும் பதினாலாம் லூயி, பாஸ்தில் சிறை, நெப்போலியன் என்று உங்கள் மனதில் ஓடியிருக்கும். நான் பேச வந்தது அவர்களைப் பற்றி அல்ல. பிரான்ஸில் வாழ்ந்து மறைந்த சாதாரண சனங்களை, வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் எப்படித் தேடுவது என்பது பற்றி. நான்கு தளங்களைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நேரம் எத்தனைக்கு இடம் கொடுக்கிறதோ, பார்ப்போம்.

முதலில் காலிக்கா. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் மின்னூலகம் இது. 1997-இல் தொடங்கினார்கள். நூல், செய்தித்தாள், வரைபடம், கையெழுத்துப் பிரதி என்று இன்று ஒரு கோடிக்கு மேல் இருக்கின்றன. காசு கிடையாது. ஆனால் புதிதாகப் போகிறவர்கள் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் ‘எஸ்’ எழுத்தை நீட்டிப் போடுவார்கள். பார்த்தால் ‘எஃப்’ மாதிரியே இருக்கும். நம் ஓலைச்சுவடியில் ரகரமும் காலும் ஒன்றுபோலத் தெரியும் அல்லவா, அதே தொல்லைதான். கணினியும் அதை ‘எஃப்’ என்றே படித்து வைத்திருக்கும். தேடிய சொல் கிடைக்காவிட்டால் ‘எஸ்’ வரும் இடத்தில் ‘எஃப்’ போட்டு இன்னொரு முறை தேடிப் பாருங்கள்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நம் மாவட்டம் மாதிரி பிரான்ஸில் தெபார்த்மான் என்ற பிரிவு உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஆவணக் காப்பகம், அதற்கு ஓர் இணையதளம். ஊர் ஊராகக் கோயில் பதிவேடுகளை ஒளிநகல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் பங்குச் சாமியார் கைப்பட எழுதியவை. ஞானஸ்நானத்தைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அரசன் ஆணையிட்டது 1539-இல். 1667-இல் வந்த இன்னோர் ஆணை இரண்டு காரியம் செய்தது. பதிவேட்டுக்கு இரண்டு பிரதி வேண்டும். கல்யாணப் பதிவில் மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுத வேண்டும். இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்.

ஓய்வு பெற்ற புதிதில் தூக்கம் வராத ஓர் இரவு, பிரான்ஸின் வடக்கே நார்மண்டியில் ஒரு சிற்றூரின் பதிவேட்டைத் திறந்தேன். மாப்பிள்ளை கையெழுத்து, மாமனார் கையெழுத்து, பெண்ணின் கையெழுத்துகூட அங்கங்கே இருந்தது. அடுத்து பிரான்ஸின் மேற்கே பிரிட்டனியில் ஓர் ஊர். பக்கத்துக்குப் பக்கம் சாமியார் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதியிருக்கிறார்: கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னார்கள். நடுவில் ஒரே ஒரு மணமகள். முதல் மூன்று எழுத்து பெரிதாக, அழுத்தமாக. அதற்குள் இடம் தீர்ந்து, மீதிப் பெயர் கீழே சரிந்து மாப்பிள்ளைக்குரிய வரிக்குள் நுழைந்துவிட்டது. அந்தப் பெண்ணைப் பற்றி வேறொன்றும் எனக்குத் தெரியாது. விடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் வீட்டில் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இதையே ஒருவர் நாடு முழுக்கச் செய்தார். லூயி மாஜியோலோ, ஓய்வு பெற்ற கல்வி அதிகாரி. (ஓய்வு பெற்றவர்களைக் குறைவாக நினைக்காதீர்கள்.) 1877 முதல் 1879 வரை ஏறக்குறைய 16,000 பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு அந்தந்த ஊர்ப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ண வைத்தார். 1680-களின் கடைசியில் ஆண்களில் 29 சதவீதம், பெண்களில் 14 சதவீதம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நூறு வருஷம் கழித்து, புரட்சிக்குச் சற்று முன்னால், 47, 27. வடக்கிலும் கிழக்கிலும் கூடுதல், மேற்கிலும் தெற்கிலும் குறைவு. ஆனால் ஒன்று: அன்றைய பள்ளியில் வாசிப்பு முதலில், எழுத்து அப்புறம். அதனால் கையெழுத்துப் போடாதவர்கள் எல்லாரும் வாசிக்கவும் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

திரும்பவும் சொல்கிறேன், யாரோ தட்டச்சு செய்து போட்ட பட்டியலோடு நிற்காதீர்கள். மூலப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பட்டியலில் அந்த மணமகள் ஒரு பெயர், அவ்வளவுதான். பக்கத்தில்தான் அவள் பேனா பிடித்த கை தெரியும்.

1792 செப்டம்பரில் பதிவேடு எழுதும் வேலையைச் சாமியாரிடமிருந்து எடுத்து நகராட்சியிடம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு நாள்காட்டியையே மாற்றிவிட்டார்கள். பத்து நாளுக்கு ஒரு வாரம். மாதங்களுக்குப் பனி மாதம், மழை மாதம், காற்று மாதம் என்கிற பொருளில் நிவோஸ், ப்ளூவியோஸ், வாந்தோஸ் என்று பெயர். 1805 டிசம்பர் முடிய இதுதான் நடப்பு. ‘இரண்டாம் ஆண்டு, தெர்மிதோர் 9’ என்று இருந்தால் 1794 ஜூலை 27 என்று படிக்க வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்திலேயே இருக்கின்றன, பயப்பட வேண்டாம். 1792-க்குப் பிறகு பத்தாண்டுக்கு ஒரு பெயர் அட்டவணை உண்டு. தேடலை அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் ஊர்ப் பெயர் தெரியாமல் போனால் ஒன்றும் நடக்காது.

இரண்டு பிரதி என்று சொன்னேனே. பாரிஸில் அதுவும் கைகொடுக்கவில்லை. 1871 மே மாதம், பாரிஸ்வாசிகள் அரசை எதிர்த்து நடத்திய கம்யூன் கிளர்ச்சியின் கடைசி நாட்களில், நகராட்சியிடம் இருந்ததும் எரிந்தது, நீதிமன்றக் கட்டடத்தில் இருந்ததும் எரிந்தது. 1860-க்கு முந்திய பதிவுகளில் மூன்றில் ஒரு பங்குதான் பிறகு வேறு சான்றுகளை வைத்து மீட்க முடிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்கு ‘மெமுவார் தெஸ் ஒம்’ என்று பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தளம் உண்டு. ஆளுக்கு ஓர் அட்டை, 13 லட்சத்துக்கு மேல். அப்புறம் புதுச்சேரி, காரைக்கால் நேயர்களுக்கு: பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. அது தனியாக ஓர் உரைக்கான விஷயம், என்ன செய்வது. உங்கள் பாட்டனார் பெயரில் ழகரம் இருந்தால் மட்டும், அதை ஒரு பிரெஞ்சுக்கார எழுத்தர் காதால் கேட்டு எப்படி எழுதியிருப்பார் என்று நாலைந்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு தேட உட்காருங்கள். வணக்கம்.