பாறையை விடாத எண்ணெய்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நீரைச் செலுத்தித் தள்ளிய பிறகும், நிலத்தடித் தேக்கத்தில் உள்ள எண்ணெயில் பாதிக்கு மேல் பெரும்பாலும் பாறையிலேயே தங்கிவிடுகிறது. அதற்குரிய காரணங்களுள் ஒன்றை மட்டும் இன்று பேச எடுத்துக்கொண்டேன்: நுண்துளையின் சுவரை நனைப்பது நீரா, எண்ணெயா?

இதை அணு அளவில் காண உதவுவது மூலக்கூறு இயக்கவியல் என்னும் கணினிக் கணக்கீட்டு முறை. ஒவ்வோர் அணுவின்மீதும் செயல்படும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி ஏறத்தாழ ஒரு ஃபெம்டோ நொடி, அதாவது நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு, அதை நகர்த்தி, மறுபடியும் கணக்கிடுவார்கள். 1964-இல் அனீசூர் ரஹ்மான் 864 ஆர்கான் அணுக்களைக் கொண்டு திரவத்தை இவ்வாறு ஆராய்ந்தார். இன்று இலட்சக்கணக்கான அணுக்களைக் கையாள முடிகிறது.

சுண்ணாம்புப் பாறையின் கனிமமான கால்சைட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பிலுள்ள கால்சியம், நீர் மூலக்கூறின் ஆக்சிஜனைத் தன்பால் இழுத்து நிறுத்துவதால், நீர் அங்கே அடுக்கடுக்காக ஒழுங்குபட்டு நிற்கிறது. டெக்கேன் போன்ற ஹைட்ரோகார்பன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மம், அந்த அடுக்கைத் துளைத்து உள்ளே செல்ல இயலாது. ஆனால் கச்சா எண்ணெயில் கார்பாக்சிலிக் அமிலங்களும் உண்டு. புரோட்டானை இழந்து எதிர்மின்னூட்டம் பெற்ற அமிலத் தலை கால்சியத்தைப் பற்றிக்கொண்டால், அதன் ஹைட்ரோகார்பன் வால் வெளிப்புறம் நீண்டு நிற்கும். நீரை விரும்பிய பரப்பு எண்ணெயை விரும்பும் பரப்பாக மாறத் தொடங்கும். களிமண் கனிமங்களிலோ பரப்பும் அமிலமும் எதிர்மின்னூட்டம் உடையவையாக இருக்கும்போது, இடையில் வந்து நிற்கும் கால்சியம் அயனியே இரண்டையும் இணைக்கிறது. செலுத்தும் நீரின் உப்பைக் குறைத்தால் சில பாறைகளில் கூடுதல் எண்ணெய் கிடைப்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் இந்த இணைப்பு தளர்வதும் ஒன்று. கயோலினைட் என்னும் களிமண் கனிமத்துக்கு இருவேறு முகங்கள் உண்டு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதிகள் நிறைந்த ஹைட்ராக்சில் முகம் நீரை நாடும், சிலிக்கனும் ஆக்சிஜனும் பிணைந்த சிலாக்சேன் முகத்தில் எண்ணெய் எளிதில் படியும்.

ஆகவே, டெக்கேனை மட்டும் வைத்துக்கொண்டு அதையே கச்சா எண்ணெய் என்று அழைக்கும் ஆய்வுகளை என்னால் ஏற்க இயலவில்லை. ஒட்டுதலைத் தீர்மானிப்பது சிறு அளவில் கலந்திருக்கும் முனைவுள்ள மூலக்கூறுகளே, அதாவது மின்னூட்டம் சமமாகப் பரவாதவையே. அவற்றுள் அஸ்ஃபால்டீன் என்பது ஹெப்டேனில் கரையாமல் டொலுவீனில் கரையும் பகுதி; அது ஒரே மூலக்கூறு அன்று. எந்த அமைப்பை அதன் மாதிரியாகக் கொண்டோம், அமிலம் புரோட்டானை இழந்திருந்ததா இல்லையா, நீரில் எந்த உப்பு இருந்தது என்பவற்றைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வது பயன் தராது. காலமும் ஒரு தடை. ஆய்வகத்தில் பாறைத் துண்டை எண்ணெயில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். கணினியில் கிடைப்பவையோ பெரும்பாலும் சில நூறு நானோ நொடிகள்; ஒரு நானோ நொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதனால்தான், மூலக்கூறு தானாகப் பிரியும்வரை காத்திராமல், அதைப் பரப்பிலிருந்து படிப்படியாக விலக்கி, ஒட்டுதலின் வலிமையைக் காட்டும் கட்டிலா ஆற்றலை ஒவ்வொரு தொலைவிலும் கணக்கிடும் முறையை நான் வற்புறுத்துகிறேன்.