எட்டுக்கால் பூச்சிக்கு எத்தனை கால்?

[காட்சி: மேசையில் இரண்டு மெல்லிய புத்தகங்கள். இரண்டின் அட்டையிலும் சிலந்தி.]

இரண்டும் சிலந்தி பற்றிய தகவல் புத்தகங்கள். இரண்டின் பின்னட்டையிலும் '6 முதல் 8 வயது வரை' என்று போட்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு எதை வாங்குவது? அட்டையை விடுங்கள், உள்ளே ஒரு பக்கத்தைத் திறப்போம்.

[காட்சி: முதல் புத்தகத்தின் ஒரு வரி, திரை நிறைய.]

'சிலந்தி தன் இரையைப் பிடித்துக்கொள்வதற்காக வலை பின்னுகிறது.' நமக்கு எளிய வரிதான். ஆனால் 'பிடித்துக்கொள்வதற்காக' என்ற ஒரே சொல்லில் 12 எழுத்து! பி, டி, த் என்று கூட்டிக்கொண்டு போகிற குழந்தை 'காக'வுக்கு வந்து சேர்வதற்குள் 'பிடி'யை மறந்துவிடும். இரண்டாவது புத்தகத்தில் இப்படி இருக்கிறது: 'சிலந்தி வலை பின்னும். பூச்சி வந்து சிக்கும்.' விஷயம் அதேதான். தமிழில் ஒட்டு மேல் ஒட்டு சேர்ந்து சொல் நீண்டுகொண்டே போகும். அதனால் வரியில் எத்தனை சொல் என்று எண்ணினால் மட்டும் போதாது.

அதற்காகப் புதுச் சொல்லே கூடாது என்றில்லை. 'இரை' புரியாவிட்டாலும், படத்தில் வலைக்குள் ஈ மாட்டியிருந்தால் புரிந்துவிடும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல் தட்டினால் அது நீங்கள் படித்துக் காட்ட வேண்டிய புத்தகம்.

சரி, படத்துக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் கறார். கதைப் புத்தகத்தில் சிலந்தி தொப்பி போட்டுக்கொள்ளட்டும். தகவல் புத்தகத்தில் காலை எண்ணிப் பாருங்கள். எட்டு இருக்க வேண்டும், எட்டும் உடலின் முன்பகுதியிலிருந்து கிளம்ப வேண்டும். பின்னால் உருண்டிருக்கும் வயிற்றில் கால் முளைத்திருந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். (எட்டுக்கால் பூச்சி என்று நாம் சொன்னாலும் சிலந்தி பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கு ஆறு கால்தான். இந்தக் குழப்பத்தையே எடுத்துப் பேசும் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள்.)

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இலவசம். படிக்கும் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையிலிருந்து தேடுங்கள்.

[காட்சி: சுவரில் ஒரு குட்டிச் சிலந்தி. நிற்கிறது, தாவுகிறது.]

படித்து முடித்ததும் ஒரு கேள்வி வரும்: "நம்ம வீட்டுச் சுவத்துல குதிச்சுக் குதிச்சுப் போகுமே, அதோட வலை எங்கம்மா?" தாவும் சிலந்தி வலை விரித்துக் காத்திருக்காது, பாய்ந்துதான் இரையைப் பிடிக்கும். அடுத்து எந்தப் புத்தகம் தேடுவது என்று குழந்தையே சொல்லியாயிற்று.