சர்வரை உடைக்க நம்மளை ஏன் கூப்பிடுறாங்க? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னிக்கு, இணையதளப் பேரை முகவரியா மாத்துற டிஎன்எஸ் பத்தி ரெண்டாம் பாகம் பேசுறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் போயிடுச்சு, திட்டாதீங்க. தேனியிலேர்ந்து ஒரு தம்பி அனுப்பின கேள்வி மூணு நாளா மண்டைக்குள்ளயே சுத்துது. அதைப் பேசி முடிச்சாத்தான் எனக்கு வேற வேலை ஓடும். வாசிக்கிறேன்.

"அக்கா, ஒரு புது ஆன்லைன் கேம் வரப்போகுது. சனிக்கிழமை ராத்திரி 8 மணியிலேர்ந்து 10 மணி வரைக்கும் எல்லாரும் வாங்க, எங்க சர்வரை உடைச்சுக் காட்டுங்கன்னு மெயில் வந்திருக்கு. விளையாடினதை எல்லாம் அப்புறம் அழிச்சிருவாங்களாம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஆயிரக்கணக்குல பாட் ஓட்டி டெஸ்ட் பண்ணத் தெரியாதா? எதுக்கு நம்ம? சம்பளம் இல்லாத வேலைக்கு ஆள் பிடிக்கிறாங்களா?"

தம்பி, கடைசி வரியில கோபம் இருக்கு. அதுல நியாயமும் இருக்கு, அதுக்கு வர்றேன். முதல்ல இந்த பாட் விஷயம். சர்வர்னா எல்லாரையும் இணைச்சு கேமை நடத்துற கம்பெனி கம்ப்யூட்டர். உடைக்கிறதுன்னா கூட்டமா வந்து அதைத் திணற வைக்கிறது. பாட்னா மனுஷனுக்குப் பதிலா விளையாட எழுதின புரோகிராம்.

பாட் எல்லாம் ஓட்டியிருப்பாங்க. ஓட்டிப் பார்க்காம உங்களுக்கு மெயில் அனுப்ப மாட்டாங்க. ஆனா பாட் ரொம்ப நல்ல பிள்ளைங்க. சொன்ன நேரத்துக்கு வரும், சொன்ன பாதையில நடக்கும், கதவு திறக்கலைன்னா ஒதுங்கி நிக்கும். மனுஷன் அப்படியா?

நான் டெஸ்டரா இருந்த காலத்துக் கதை ஒண்ணு. பழைய ஆளுங்களுக்கு இது மூணாவது தடவை, பொறுத்துக்குங்க. ஒரு சின்ன கம்பெனி, பேர் வேண்டாம். எல்லாரும் ஒரே நேரத்துல விளையாடுற வினாடி வினா. பாட் என்ன செய்யணும்னு சொல்ற ஸ்கிரிப்ட் எழுதுனது நான்தான். 2,000 பாட், அரை நொடிக்கு ஒண்ணா வரிசையா லாகின் ஆகும், பதில் சொல்லும், போயிடும். ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. ராத்திரி 9 மணிக்கு ஆட்டம்னு அறிவிச்சோம். வந்தது மொத்தமே 800 பேருக்குள்ளதான். என் பாட்ல பாதி கூட இல்ல. சர்வர் படுத்துருச்சு.

ஏன்னா அந்த 800 பேரும் 8 மணி 59 நிமிஷத்துக்கு ஒண்ணா வந்து கதவைத் தட்டினாங்க. திறக்கலை. உடனே மறுபடி தட்டினாங்க. ஆளுக்கு ஆறு தடவை அமுக்கினாலே 4,800 கோரிக்கை ஆச்சு இல்லையா? சர்வர் திணற ஆரம்பிச்சா ஜனங்க இன்னும் வேகமா அமுக்குவாங்க, அதனால இன்னும் திணறும். என் பாட்களுக்குப் பொறுமை இழக்க நான் சொல்லிக் கொடுக்கல. விழுந்தது கேம் கூட இல்ல, வெறும் லாகின். உள்ள கேம் சர்வர் ஈ ஓட்டிட்டு உட்கார்ந்திருந்துச்சு.

இது எங்களை மாதிரி சின்ன ஆளுங்களுக்கு மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க. பிளிசார்டு கம்பெனியோட டயாப்லோ 3 கேம், 2012 மே 15 அறிமுகம். அதுக்கு முந்தின மாசம்தான் ஒரு வார இறுதி முழுக்க கதவைத் திறந்து விட்டு ஜனங்களை வெச்சு சோதிச்சாங்க. அப்படியும் அறிமுக நாள்ல 'எரர் 37', சர்வர் பிஸி, அப்புறம் வாங்கன்னு வந்து நின்னுச்சு. காசு கொடுத்து வாங்கினவங்க, தனியா விளையாட நினைச்சவங்க கூட வாசல்லயே நின்னாங்க. 11 வருஷம் கழிச்சு டயாப்லோ 4 வந்தப்போ, ஜூன் 6 அறிமுகத்துக்கு முன்னாடி மே 12லேர்ந்து 14 வரைக்கும் 'சர்வர் ஸ்லாம்'னே பேர் வெச்சுக் கூப்பிட்டாங்க. வந்து மோதுங்கன்னு நேராவே சொல்லிட்டாங்க. அஷாவான்னு ஒரு பெரிய பூதத்தைக் குறிப்பிட்ட நேரத்துல இறக்கி விடுவாங்க, அதைக் கொன்னா குதிரைக்கு மாட்ட ஒரு பரிசு.

அந்தப் பூதத்தை ஏன் குறிப்பிட்ட நேரத்துல இறக்கணும்? இங்கதான் என் பழைய பாட்டு வருது. சேர்ந்து பாடுங்க: எத்தனை பேருன்னு கேக்காதீங்க, எங்க நிக்கிறாங்கன்னு கேளுங்க.

கிரிக்கெட் நேரலை பத்தின வீடியோல சொன்னது ஞாபகம் இருக்கா? 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டார்ல ஒரே நேரத்துல 5.9 கோடி பேர் பார்த்தாங்க. கேக்கவே தலை சுத்துது. ஆனா அத்தனை பேரும் பார்க்கிறது ஒரே படம். நகல் எடுத்து ஊர் ஊரா வெச்சுக் கொடுத்துரலாம். நீங்க சோபாவுல திரும்பிப் படுத்தா பக்கத்து வீட்டுக்காரர் படத்துல எதுவும் மாறப் போறதில்ல. கேம்ல நீங்க ஒரு அடி எடுத்து வெச்சா, உங்களைப் பார்க்கிற ஒவ்வொருத்தனுக்கும் சர்வர் அதைச் சொல்லியாகணும். ஒரு மைதானத்துல 10 பேர் நின்னா, ஒவ்வொருத்தர் அசைவையும் மத்த 9 பேருக்குச் சொல்லணும், 90 தகவல். 100 பேர்னா 9,900. 1,000 பேர்னா 9,99,000. ஆள் பத்து மடங்கு ஏறினா வேலை நூறு மடங்கு ஏறுது. இது ஒரு தடவை அசைஞ்சதுக்கு. நொடிக்குப் பல தடவை இது நடக்கணும். இதே 1,000 பேர் நூறு ஊர்ல பத்துப் பத்துப் பேரா நின்னா மொத்தமே 9,000 தகவல்தான்.

தம்பி, நீங்க தேனி. உங்க பக்கத்து வைகைதான் மதுரைக்கு வருது. சித்திரைத் திருவிழாவுல மதுரை முழுக்க ஜனம் பரவிக் கிடக்கும்போது ஊர் தாங்கும். அழகர் ஆத்துல இறங்குற அந்த நேரம் எல்லாருக்கும் அந்த ஒரே கரைதான் வேணும். போலீஸ்காரங்க தடுப்புக் கட்டுறது ஊர் ஜனத்தொகையைப் பார்த்து இல்ல, அந்தக் கரையைப் பார்த்து. பாட்களுக்கு அழகரைப் பார்க்கணும்னு ஆசை வராது. மனுஷனுக்கு வரும். பூதத்தை இறக்குறது அதுக்குத்தான்.

அழகர்னு சொன்னதும் ஒரு கேம் ராஜா கதை ஞாபகம் வருது. கேள்விக்குச் சம்பந்தம் இருக்கான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, எனக்கு இதைச் சொல்லாம இருக்க முடியாது. 1997 ஆகஸ்ட். அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்து ஆரிஜின் கம்பெனி, அல்டிமா ஆன்லைன்னு ஒரு கேம். அதோட பீட்டா, அதாவது வெளியீட்டுக்கு முந்தின சோதனைப் பதிப்பு, அந்த சிடிக்கு 5 டாலர் வாங்கினாங்க. சோதனை எலியா இருக்க கிட்டத்தட்ட 50,000 பேர் காசு கட்டினாங்க, தம்பி! உங்க மெயில் இலவசம்தானே?

பீட்டா முடியிற சமயம் ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட், சர்வர் எவ்வளவு கூட்டம் தாங்கும்னு பார்க்கிற சோதனை. ஜனங்களை ஒரே இடத்துல கூட்டணும், அதுக்கு என்ன வழி? ராஜா ஊர்வலம். கேமை உருவாக்கின ரிச்சர்ட் கேரியட்டே 'லார்டு பிரிட்டிஷ்'ங்கிற ராஜா வேஷத்துல தரிசனம் கொடுக்க வந்தாரு. அவரை யாரும் கொல்ல முடியாதபடி ஒரு அமைப்பு உண்டு. ஆனா கொஞ்ச நேரம் முன்னாடி சர்வர் விழுந்து எழுந்திருச்சிருக்கு. மறுபடி உள்ள வந்தவரு அந்த அமைப்பைப் போட மறந்துட்டாரு. கூட்டத்துல 'ரெயின்ஸ்'ங்கிற பேர்ல விளையாடின ஒருத்தர், அங்கேயே இன்னொருத்தர் பையிலேர்ந்து திருடின ஒரு தீ மந்திரச் சுருளை எடுத்து சும்மா வீசிப் பார்த்தாரு. ராஜா காலி. கம்பெனிக்காரங்க கடுப்புல கூட்டத்து மேல பூதங்களை ஏவி விட்டாங்க, நின்னவன் பார்த்தவன் எல்லாம் செத்தான். அப்புறம் ரெயின்ஸோட கணக்கை முடக்கினாங்க, கேட்டா ராஜாவைக் கொன்னதுக்கு இல்ல, அவர் மேல பழைய புகார்கள் இருந்துச்சுன்னு சொன்னாங்க.

எந்த பாட் இதைச் செய்யும்? ராஜா மேல தீயை வீசுன்னு எந்த டெஸ்டர் ஸ்கிரிப்ட் எழுதுவாரு? நான் எழுதியிருக்க மாட்டேன். கம்பெனி சோதிக்க நினைச்சது சர்வரோட பலத்தை. கிடைச்ச பதில் வேற: சர்வர் விழுந்து எழுந்தா இந்த அமைப்பு தானா திரும்ப வராது.

பாருங்க, இப்ப நான் கேக்க ஆசைப்படுற கேள்விக்கு வந்துட்டேன். தம்பி, நீங்க "எதுக்கு நம்ம?"னு கேட்டீங்க. "உடைஞ்ச அப்புறம் என்ன ஆகும்?"னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். எவ்வளவு தாங்கும்ங்கிற எண்ணு பாட்லயே ஓரளவு கிடைச்சிரும். தாங்க முடியாதப்போ எதை முதல்ல கை விடும், யாரை வாசல்ல நிறுத்தும், எழுந்திரிச்சா என்ன ஞாபகம் வெச்சிருக்கும், இதெல்லாம் ஆளுங்க வந்து தள்ளினாத்தான் தெரியும்.

இதுல எனக்குப் பிடிச்ச ஊர் ஐஸ்லாந்து. ரெய்க்யாவிக்ல சிசிபின்னு ஒரு கம்பெனி, ஈவ் ஆன்லைன்னு விண்வெளிச் சண்டை கேம். 'சிங்குலாரிட்டி'ன்னு தனியா ஒரு சோதனை சர்வர் வெச்சு, விளையாடுறவங்களைக் கூப்பிட்டு, எல்லாரும் இந்த நட்சத்திரத்துக்கு வாங்க, இப்ப சுடுங்கன்னு கட்டளை போடுவாங்க. இதை ஏதோ ஒரு தடவை இல்ல, பல தடவை செஞ்சிருக்காங்க. கூட்டம் அளவுக்கு மீறினா அந்தக் கேம் என்ன பண்ணும் தெரியுமா? நேரத்தையே மெதுவாக்கும். பத்துல ஒரு பங்கு வேகம் வரைக்கும் போகும், அங்க ஒரு நொடி ஓட உங்க கடிகாரத்துல பத்து நொடி ஆகும். ஆளுங்களை வெளிய தள்ளுறதுக்குப் பதிலா, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஊர்ந்து போகும். 2014 ஜனவரியில பி-ஆர்5ஆர்பின்னு ஒரு இடத்துல சண்டை. தொடங்குன காரணம், ஒரு கூட்டணி அந்த இடத்துக்குக் கட்ட வேண்டிய தொகை கட்டாம விட்டுப்போச்சு. ஆமா, வாடகைப் பிரச்னைதான்! வந்து போனவங்க 7,500க்கு மேல, 21 மணி நேரம், அந்தக் கேம்லயே பெரிய கப்பலான டைட்டன் 75 நாசம். நேரத்தை மெதுவாக்கினதாலதான் அது அத்தனை மணி நேரம் இழுத்துச்சு, அதனாலதான் சர்வரும் நின்னுச்சு. கதவைச் சாத்தி எரர் காட்டுறதை விட இது எவ்வளவோ தேவலை. என் வினாடி வினாவுக்கு அந்தப் புத்தி எனக்கு இருந்திருந்தா!

சரி, உங்க கோபம். சம்பளம் இல்லாத வேலையா? பாதி ஆமா. அது அவங்களுக்கு விளம்பரமும்தான். நான் ஒண்ணு பார்ப்பேன்: நேரம் சொல்லி, விளையாடினது அழியும்னு முன்னாடியே சொல்லி, உடையும்னு ஒத்துக்கிட்டுக் கூப்பிட்டா, அது டெஸ்ட். முழுக் காசு முன்கூட்டியே கட்டினாத்தான் 'பீட்டா' உள்ள விடுவேன்னா, அது கடை. உங்களுக்கு வந்த மெயில் முதல் வகைன்னு தோணுது, நிஜமாவே அந்தக் கம்பெனி அனுப்பியிருந்தா. இது மாதிரி பொய் பீட்டா மெயில் அனுப்பிப் பாஸ்வேர்ட் திருடுறது ரொம்ப நாளா நடக்குது. மெயில்ல இருக்கிற லிங்க்கை அமுக்காதீங்க, கேமோட சொந்தத் தளத்துக்கு நீங்களே டைப் பண்ணிப் போய்ப் பாருங்க. வேற எங்கயும் வெச்சிருக்கிற பாஸ்வேர்டையும் கொடுக்காதீங்க.

போனீங்கன்னா ஒழுங்கா உடைங்க. 8 மணிக்கு முன்னாடி போய்த் தட்டுங்க. உள்ள விட்டதும் ஓரமா ஒதுங்கி விளையாடாம, கூட்டம் எங்க அதிகமோ அங்க போய் நில்லுங்க. வெளிய வந்து மறுபடி நுழைங்க. ஆட்டத்துக்கு நடுவுல வீட்டு வைஃபையிலேர்ந்து மொபைல் டேட்டாவுக்கு மாத்திப் பாருங்க, அவங்க ஆபீஸ் பாட் எதுவும் தேனி சிக்னல்ல விளையாடினதில்ல. ஏதாவது விழுந்தா மணியை நிமிஷத்தோட குறிச்சு, இந்திய நேரம்னு சேர்த்து அனுப்புங்க. "ஒரே லேக்"னு மட்டும் எழுதினா அங்க சர்வரோட பதிவுகள்ல தேடுறவனுக்கு எங்க தேடுறதுன்னே தெரியாது. நான் அப்படித் தேடி அழுதிருக்கேன்.

எனக்கும் ஒரு வரி போடுங்க தம்பி, முதல்ல விழுந்தது லாகினா உள்ளயான்னு. நான் லாகின்னு சொல்றேன்.